ஒரு நூல் கூட நகராத பேழை

— ஜன்னல் பக்கம் உக்காந்தது உக்காந்தபடியே இரு டாக்னி. எழுந்து நடக்காத. நீயே நடந்து ஆட்டிட்டு, அப்புறம் காத்துல ஆடுச்சும்ப.

— நடக்கறதா? இங்கயா? காப்பி ஊத்தறேன் ஹில்டிங். என் வீட்டுத் துணி அலமாரி இந்த டப்பாவை விடப் பெருசு.

— டப்பான்னு சொல்லாத. ஊரே பேழைன்னுதான் சொல்லுது. உன் அலமாரிக்கு அடியில சறுக்குக் கட்டை இருக்கா? பனி ஸ்கூட்டர்ல கட்டி ஏரி நடுவுக்கு இழுத்துட்டு வர முடியுமா? உள்ள அடுப்பு இருக்கா? தரையில ஓட்டை இருக்கா?

— தரையில ஓட்டை இருக்கறதுக்குப் பெருமைப்படற ஒரே ஆள் நீதான்.

— ஓட்டை இல்லாம எப்படி மீன் பிடிக்கறது? குனிஞ்சு பாரு. மேல பலகையில ஒரு வட்டம். கீழ ஐஸ்ல ஒரு வட்டம். ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு கச்சிதமா இருக்கா?

— இருக்கு.

— பேழை நகந்தா மேல் வட்டம் கீழ் வட்டத்தை விட்டு விலகிடும். பிறை மாதிரி ஐஸ் எட்டிப் பாக்கும். யாரும் மறைக்க முடியாது. நான் இந்த மான் தோல்ல குப்புறப் படுத்து, கோட்டைத் தலை மேல போத்திக்கிட்டு, மணி அடிக்கற வரைக்கும் இதையேதான் பாக்கப் போறேன். அப்படியே மீனும் பிடிப்பேன். பந்தயத்தை இன்னொரு தடவை உன் வாயால சொல்லிடு.

— எத்தனை தடவைடா சாமி. சனிக்கிழமை சாயங்காலம் சர்ச் மணி அடிக்கறதுக்குள்ள இந்தப் பேழை நகந்துச்சுன்னா, நீ வாயை மூடிக்கிட்டு வடகரைல என் வீட்டுக்குக் குடி வரணும். நகரலேன்னா நான் மூட்டை கட்டிக்கிட்டுத் தென்கரைல உன் வீட்டுக்கு வரணும்.

— ஐஸை விட்டு நகரலேன்னா.

— சரி, ஐஸை விட்டு.

— ஒரு நூல் கூட.

— ஒரு நூல் கூட. படு.

— படுத்துட்டேன். ஒன்பது வருஷமா நீ அந்தக் கரை, நான் இந்தக் கரை. குளிர்காலத்துல ஐஸ் மேல நடை, கோடையில படகு. இன்னைக்கு முடிவு கட்டறேன் பாரு.

— என்ன ஒரு மாதிரி பேசற? வாய்ல என்ன?

— புழு.

— துப்பு.

— துப்பினா குளிர்ல விறைச்சுப் போயிடும். உதட்டுக்கு அடியில வச்சாத்தான் துடிப்பா இருக்கும். துடிக்கற புழுவைத்தான் மீன் கடிக்கும். என் அப்பன் வச்சான், எல்லாரும் வக்கறாங்க.

— எங்க அண்ணனும்தான் வக்கறான். ஆனா வச்சுக்கிட்டு யாரையும் ஒரே வீட்டுக்குக் கூப்பிடல.

— காத்தைக் கேட்டியா? இப்ப அடிச்சதே, அது சாதாரணக் காத்து இல்ல. அடுப்புப் புகை திரும்பி உள்ள வருது. ஆனா பேழை? கல்லு மாதிரி.

— இதே வார்த்தையைத்தான் ரெண்டு வருஷம் முன்னாடி எங்க எவர்ட் அண்ணன்கிட்டயும் சொன்ன. கல்லு மாதிரின்னு.

— அது பழைய பேழை.

— அவன் உள்ள உக்காந்து சாசேஜ் வறுத்துக்கிட்டு இருந்தான். காத்து வந்து டப்பாவோட அவனைத் தூக்கிக்கிட்டுப் போச்சு. ஏரியோட அந்த மூலைல போலீஸ்காரர் கதவைத் திறந்தப்போ சட்டியைக் கையில பிடிச்சபடியே உக்காந்திருந்தான். சாசேஜ் ஒரு பக்கம்தான் வெந்திருந்துச்சாம். அதைத்தான் இன்னிவரைக்கும் பெருசாச் சொல்றான்.

— அப்ப நான் கயித்தை வெறும் ஆணில கட்டினேன். வெயில் பட்டு ஆணி சூடாயி, சுத்தி இருந்த ஐஸ் உருகிடுச்சு. அது என் தப்புதான், ஒத்துக்கறேன். அதுக்கப்புறம் மர மில்லுல ராத்திரி ஷிஃப்ட்ல கொதிகலன் பக்கத்துல உக்காந்து ரெண்டு வருஷம் இதையேதான் யோசிச்சேன். ராத்திரி ஷிஃப்ட்ல பேச ஆள் கிடையாது, யோசிக்கலாம். கேளு. இப்ப ஆணியே இல்ல. ஐஸ்ல ரெண்டு பக்கத்துல இருந்தும் சாய்வாத் துளை போட்டு, உள்ளுக்குள்ள ரெண்டையும் சந்திக்க வச்சு, அதுக்குள்ள கயித்தை விட்டு எடுத்துக் கட்டியிருக்கேன். ஐஸேதான் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. ஐஸே பிச்சுக்கிட்டு வந்தாத்தான் உண்டு. நாலு மூலைக்கும் அப்படி. கூரை மேல குறுக்கா ரெண்டு. கதவுக்கு ஒண்ணு.

— கதவுக்கு எதுக்கு?

— ஒரு நிம்மதிக்கு.

— அந்தக் கதவை எங்க பிடிச்ச? ‘வலி அதிகமாக இருந்தால் மட்டும் தட்டவும்’னு எழுதியிருக்கு.

— பல் டாக்டர் கட்டடத்தை இடிச்சாங்கல்ல, அங்க. ஜன்னல் பழைய பஸ்ஸோடது. சறுக்குக் கட்டை எங்க அத்தை பனியில சறுக்கின கட்டை. அவங்களுக்கு இனிமே தேவைப்படாது.

— செத்துட்டாங்களா?

— இல்ல, ஸ்பெயினுக்குப் போயிட்டாங்க.

— எங்க வீட்டுக்காரனா இருந்தவனும் ஸ்பெயின்லதான் இருக்கான். அவன் ஆணி அடிச்சா நூறு வருஷம் நிக்கும். அவன்தான் நிக்கல.

— அவன் பேச்சை எடுக்காத. உன் வீட்டுக்குக் குடி வராததுக்குக் காரணமே அதுதான். நடையில வரிசையா அவன் அடிச்ச ஆணி. அதுல போயி நான் கோட்டை மாட்டணுமா? செத்தாலும் மாட்ட மாட்டேன்.

— நீ வரும்போதெல்லாம் கோட்டை நாற்காலில போடறப்பவே நினைச்சேன். மணிச் சத்தம்தான் காரணம்னு சொன்ன?

— மணியும்தான். உன் வீட்டுக்கு மேலயே சர்ச்சு. ராத்திரி ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து கண்ணை மூடினா மண்டைக்குள்ளயே அடிப்பான்.

— உன் வீட்ல மட்டும்? கார் கொட்டகை விழுந்துச்சு. வெந்நீர் அறை வழுக்கிக்கிட்டு ஏரில இறங்கிடுச்சு, நல்லவேளை யாரும் உள்ள இல்ல. கூரை ஒழுகறதைச் சரி பண்றேன்னு சமையலறைக்குள்ள ஏணி கட்டின. ஏணியும் விழுந்துச்சு, நீயும் விழுந்த.

— அந்தப் பேச்சு வேண்டாம்.

— வேணும். அதனாலதான் இங்க உக்காந்திருக்கோம். போன நவம்பர்ல ரெண்டு நாள் உன் புகைபோக்கில புகை வரல. என் கரைல இருந்து பாத்துக்கிட்டே நிக்கறேன். படகு விட முடியாது, ஐஸ் பிடிச்சிருக்கு. நடக்க முடியாது, ஐஸ் தாங்காது. ரோட்டுல சுத்தி வரலாம்னா பனியில மரம் விழுந்து ரோடு அடைச்சிருக்கு. நீ சமையலறைத் தரையில இடுப்பு ஒடிஞ்சு கிடக்க.

— உருளைக்கிழங்கு மூட்டை கைக்கு எட்டுச்சு. பச்சையாத் தின்னேன். அவ்வளவு மோசம் இல்ல.

— ஹில்டிங்.

— சரி. மோசம்தான். பயந்துட்டேன். போதுமா? அங்க கிடந்தபடிதான் முடிவு பண்ணேன். இன்னொரு குளிர்காலம் ரெண்டு கரைன்னு இருக்கக் கூடாது. யாராவது ஒருத்தர் நகரணும்.

— அதான் உன்னை வரச் சொன்னேன்.

— நான் நகர மாட்டேன். என்னை நம்பி ஒரு தடவையாவது நீ வரணும். நான் கட்டினது எதுவும் நிக்காதுன்னுதானே நினைக்கற? அதைத்தான் இன்னைக்கு... ஏய், தட்டறாங்க.

— யாரு?

— டாக்னி, நான்தான் எவர்ட். கதவைத் திற. வலி அதிகமா இருக்கு.

— திறக்க முடியாது மச்சான், கதவு மேல கயிறு போட்டுக் கட்டியிருக்கேன். வெளில நின்னே பேசு.

— உள்ள இருந்துக்கிட்டு வெளிக்கதவை எப்படிய்யா கட்டின அரை மாப்ள?

— இடுக்கு வழியாக் கையை விட்டு.

— கல்யாணமும் இல்ல, ஒரே வீடும் இல்ல, ஒன்பது வருஷமா அரை மாப்ளயாவே இருக்கான். இப்ப என் தங்கச்சியை டப்பால போட்டு வேற கட்டிட்டான். டாக்னி, நல்லா இருக்கியா?

— இருக்கேன் அண்ணா. ஜன்னல் பக்கம் வா, காப்பி தர்றேன். காப்பிக்குள்ள சீஸ் துண்டு போட்டா, போடாமலா?

— போட்டே குடு. கேளுங்க ரெண்டு பேரும். மே மாசம் பாதி ஆயிடுச்சு. ஏரில ஒரு பேழை கிடையாது. எல்லாரும் இழுத்துட்டுப் போயிட்டாங்க. என்னோடதையும் காலைலயே கரை ஏத்திட்டேன். நீங்க மட்டும்தான் ஒத்தைப் பல்லு மாதிரி நடுவுல நிக்கறீங்க. ஐஸு மேல கறுத்துப் போச்சு. தென்கரையோரம் தண்ணி தெரியுது. வடகரையோரமும் அப்படித்தான், ஸ்கூட்டரை முழு வேகத்துல விட்டுத்தான் தாண்டி வந்தேன். இப்பவே கிளம்பணும். பேழையை என் ஸ்கூட்டர்ல மாட்டு, இழுத்துடறேன்.

— முடியாது மச்சான்.

— ஏன்?

— சறுக்குக் கட்டை ஐஸுக்குள்ள இருக்கு. மார்ச் மாசமே தண்ணி ஊத்தி உறைய வச்சுட்டேன்.

— கட்டைக்கு அடியில பலகை வக்கலியா? பள்ளிக்கூடப் பையன் கூட வப்பானே! பலகை வச்சாத்தானே ஒட்டாம இருக்கும், இழுக்க வரும்?

— பலகை வச்சா நகரும்.

— நகரணும்யா! நகரத்தானே சறுக்குக் கட்டை!

— நீ நகந்ததைத்தான் ஊரே பாத்துச்சே.

— அந்த சாசேஜ் ஒரு பக்கம்தான் வெந்திருந்துச்சு, தெரியுமா? சரி, டப்பா போனாப் போகட்டும். ஆளுங்க ரெண்டு பேரும் என் பின்னாடி உக்காருங்க. டாக்னி, முதல்ல நீ. ஜன்னல் வழியா வா, நான் இழுத்துக்கறேன்.

— டாக்னி, போனேன்னா பந்தயம் செல்லாது. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். உன் இஷ்டம். ஆனா செல்லாது.

— கொஞ்சம் பேசாம இரு. அண்ணா, காத்து எங்க இருந்து அடிக்குது?

— தென்காத்து. காலைல இருந்தே தென்காத்துதான்.

— மாறுமா?

— ராத்திரி வரைக்கும் மாறாதுன்னு ரேடியோல சொன்னான். எதுக்குக் கேக்கற?

— சும்மாதான். நீ போ அண்ணா. நாங்க இருக்கோம்.

— பைத்தியமா உனக்கு? சின்ன வயசுல இருந்து இந்த ஏரியைப் பாக்கறவ நீ!

— அதனாலதான் சொல்றேன். போ. தாண்டும்போது வேகத்தைக் குறைச்சுடாத. கோப்பையைக் குடுத்துட்டுப் போ.

— அரை மாப்ள, என் தங்கச்சிக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன்னைப் பேழையோட புதைப்பேன். உனக்குப் பெட்டி செய்யற செலவு மிச்சம்.

— போயிட்டானா?

— போயிட்டான். தாண்டிட்டான் போலருக்கு, கையை ஆட்டறான். இல்ல, முஷ்டியைக் காட்டறான்.

— டாக்னி.

— ம்?

— நீ போகல.

— போகல.

— என் கயித்தை நம்பி இருந்துட்ட.

— உன் கயித்தை நம்பறேன் ஹில்டிங். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல.

— இதை நீ சொல்லி நான் கேட்டதே இல்ல. ஒன்பது வருஷத்துல. கோட்டுக்குள்ள இருக்கேன், இல்லேன்னா என் மூஞ்சியைப் பாத்திருப்ப. ஐயோ, என்ன சத்தம் அது? பீரங்கி மாதிரி.

— ஐஸு முனகுது. சாயங்காலமானா முனகும். வட்டம் எப்படி இருக்கு?

— கச்சிதமா இருக்கு! பிறையாவது ஒண்ணாவது. எழுந்து பாக்கறியா?

— வேண்டாம், நீ பாரு. நான் நடந்தா ஆடும்.

— ஆடாது, இருந்தாலும் வேண்டாம். உன் மூட்டையை எப்படிக் கட்டறதுன்னு யோசி. உன் தையல் மிஷினை எங்க வக்கலாம்? கூரை ஒழுகாத பக்கமா வக்கலாம். மேஜையைப் போட்டா கொஞ்சம் நெருக்கும். பரவால்ல, மேஜையில ஒரு காலை வெட்டிடலாம்.

— பூனை வரும்.

— பூனையுமா?

— பூனையும்.

— வரட்டும். மீன் இருக்கு. ஆனா இன்னைக்கு என்னமோ தெரியல, ஆழத்துல திரியற செவப்பு வயித்து மீன் ஒண்ணும் கடிக்கல. மதியம் தூண்டில் நூல் அத்தனையும் உள்ள போச்சு, தரையே தட்டல. இப்பப் பாதிகூடப் போகல, தட்டுது.

— வெயில் காலம் வருதுல்ல. தண்ணி வத்தும்.

— ஒரு சாயங்காலத்துலயா?

— நீ காத்தைக் கேட்டியா இல்லியா? காத்துலயும் வத்தும்.

— அது என்னமோ... இரு இரு, கடிக்குது! வா வா வா... ச்சே.

— என்ன?

— வரிக்கோடு போட்ட மீன். முதுகுல முள்ளு. இது கரையோரம் புல்லுக்குள்ள திரியற மீனாச்சே, நடு ஏரில இதுக்கு என்ன வேலை?

— அதுவும் வீடு மாறுதோ என்னவோ.

— கிண்டல் பண்ணு. ஜெயிக்கப் போறவன் நான், பொறுத்துக்குவேன். என்ன ஜன்னல்லயே கண்ணு வச்சிருக்க? அப்படி என்ன தெரியுது?

— மேகம். மரம். எல்லாம் அதது இடத்துல இருக்கு.

— என் வீடு தெரியுதா?

— அது பின்பக்கம்ல. நீதான் அந்தப் பக்கம் ஜன்னல் வக்கலியே.

— காத்து வர்ற பக்கம் ஜன்னல் வச்சா பஸ் கண்ணாடி தாங்காது. எல்லாம் யோசிச்சுத்தான்... டாக்னி! தரை தெரியுது!

— என்ன தரை?

— ஏரியோட தரை! கல்லு, பாசி, யாரோ போட்ட ஒரு பியர் டின்னு கூடத் தெரியுது. இத்தனை வருஷத்துல இவ்வளவு தெளிவா நான் பாத்ததே இல்ல.

— தலை மேல கோட்டு நல்லா இருட்டுக் குடுக்குது போல.

— கல்லெல்லாம் நகருது டாக்னி.

— நகருதா?

— ஒவ்வொண்ணா போகுது. இந்தப் பக்கமா வந்து அந்தப் பக்கமா போகுது. இப்ப ஒரு பழைய சைக்கிள் போச்சு.

— வட்டம்?

— வட்டம் அசையல! சத்தியமா அசையல. மேல வட்டம், கீழ வட்டம், வச்ச இடத்துலயே இருக்கு. பேழை நகரல, ஏரித் தரைதான் நகருது. அதுக்கு நான் பொறுப்பில்ல!

— நீ எப்படிப் பொறுப்பாவ? பந்தயத்துல ஐஸைப் பத்தி மட்டும்தான் சொன்ன. தரையைப் பத்தி ஒண்ணும் இல்ல.

— அதான! நியாயமாப் பேசற. என்னமோ தலை சுத்தற மாதிரி இருக்கு. புழுவைத் துப்பிடறேன்.

— துப்பு. எப்பவோ துப்பியிருக்கணும்.

— மணி! மணி அடிச்சுடுச்சு! கேட்டியா? முடிஞ்சுது! வட்டத்தைப் பாரு, வா, வந்து உன் கண்ணாலயே பாரு! ஒரு நூல் நகந்திருக்கா?

— நகரல.

— சத்தமாச் சொல்லு, மணி காதைப் பொளக்குது.

— நகரல! நீ ஜெயிச்சுட்ட ஹில்டிங்!

— ஜெயிச்சுட்டேன்! என் வாழ்க்கையில நான் கட்டினது ஒண்ணு கட்டின இடத்துலயே நின்னுடுச்சு! எவர்ட் மச்சான் மூஞ்சியை நாளைக்குப் பாக்கணும். நாளைக்கே உன் சாமானை எல்லாம்... இன்னைக்கு என்ன இந்த மணி இவ்வளவு சத்தமா அடிக்குது? தலைக்கு மேலயே அடிக்கற மாதிரி? டாக்னி, அடியில என்ன உரசுது? முன்பக்கம் தூக்குது! பேழை தூக்குது! நடு ஏரில ஏது பாறை?

— பாறை இல்ல, என் தோட்டத்து வேலி. தென்காத்து அடிச்சா ஏரி ஐஸு மொத்தமும் வருஷா வருஷம் இங்கதான் வந்து ஏறும், அரை மணி நேரமா என் வீடு பெருசாகிக்கிட்டே வர்றதைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், உன் பேழை ஒரு நூல் கூட நகரலைன்னு யார்கிட்ட வேணும்னாலும் சாட்சி சொல்றேன், இப்ப அந்தக் கதவுக் கயித்தை அவுத்து இறங்கு, பூட்ஸைக் கழட்டிட்டு உள்ள வா.